எழுநூறு மீட்டருக்கு மேலே

யாருக்கும் முதுகு காட்டாதவன் நான்.
டாக்டருக்குக் காட்ட வேண்டியதாயிற்று.
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே
மெத்தை நசுங்கிவிட்டது என்றாள்.
எங்கள் தெருவிலும் அப்படித்தான்.
கீழிருந்து கரியை எடுக்க எடுக்கப்
பள்ளிக்கூடம் ஒரு பக்கம் சாய்ந்தது.
தபால் ஆபீஸுக்கு இரும்புப் பட்டை போட்டு
இடுப்பைக் கட்டியிருக்கிறார்கள்.
ரூதாவில் நேராக நிற்கிற எதையும்
ஒருமுறைக்கு இருமுறை பார்ப்போம்.

கத்தி வேண்டாம், முதலில் பன்னிரண்டு வாரம் யோகா
என்று சீட்டில் எழுதினாள்.
தும்மினால் கரித்தூள் வருகிறவனுக்கு யோகா!
ட்ரூடா சிரித்ததில் சூப் கரண்டி கீழே விழுந்தது.
குனிந்து எடுக்கப் போனேன், பாதியில் நின்றேன்.
அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

நகராட்சி நீச்சல் குளத்தின் மாடி.
குளோரின் வாடை. ஒன்பது பாய்கள்.
பொட்டலக் கிடங்கில் நிற்கும் வியொலெட்டா,
ட்ராம் ஓட்டும் கோர்னெல்,
பெயர் சொல்லாமல் ‘இடுப்பு’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்த
தேவாலயத்து ஆர்கன்காரர், இன்னும் சிலர்.
போக்னா சொல்லித்தருகிறாள். கைப்பந்து ஆடிய தோள்கள்.
பூஜ்யத்திலிருந்து பத்துவரை, இன்று வலி எத்தனை?
ஏழு என்றேன்.
ஒன்பதுதான். வியொலெட்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.

முழங்காலில் வாருங்கள், கைகளை ஊன்றுங்கள்,
பூனைபோல் முதுகைத் தூக்குங்கள்.
இருபத்தாறு வருஷம்
தொண்ணூறு சென்டிமீட்டர் இடுக்கில்
இதே நாலுகாலில் போனதற்கு எனக்குச்
சம்பளம் கொடுத்தார்கள்.
இப்போது நான் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் புதிது: மூச்சு.
கீழே அது கணக்கு வழக்கு.
எவ்வளவு காற்று, எவ்வளவு மீத்தேன், எத்தனை நிமிஷம்.
இங்கே சும்மா விடச் சொல்கிறார்கள்,
ஊதாரிபோல.

ஆறாம் வாரம் காலுறையை நானே மாட்டினேன்.
எட்டாம் வாரம் மறுபடி பிடித்துக்கொண்டது.
குளியல் தொட்டியில் அரைமணி நேரம் அம்மணமாய்,
பக்கத்து வீட்டு ஆள் வந்து தூக்கும்வரை.
அதையும் எழுதிக்கொள் என்றேன் போக்னாவிடம்.
எழுதிக்கொண்டாள்.

கடைசி ஆசனம்தான் எனக்கு ஆகாது.
மல்லாந்து படு, கண்ணை மூடு, கைகளைத் தளர்த்து.
சவாசனம் என்று பெயரை மட்டும் சொன்னாள்.
பொருளை ஆர்கன்காரர் எங்கோ படித்து வந்து சொன்னார்.
சொல்லாமலே எனக்குத் தெரியும்.
கூரை இறங்கிய அன்று பதினோரு மணி நேரம்
அப்படித்தான் கிடந்தேன்.
கை நீட்டினால் எர்வினின் பூட்ஸ்.
இருவருக்கும் ஒரே கிடை.
எழுந்தது ஒருவன்.

அதனால் வாராவாரம் ஒருக்களித்தே படுத்தேன்,
கண் திறந்தபடி.
போக்னா எதுவும் கேட்கவில்லை.
போர்வையை மடித்து முழங்கால்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டாம் வாரம், வியாழக்கிழமை,
எல்லாரும் படுத்திருக்கையில் தரை உதறியது.
விளக்கு ஆடியது.
குளத்தில் பிள்ளைகள் வீறிட்டார்கள்.
எட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நான் மல்லாந்தேன்.
உள்ளங்கைகளைக் கவிழ்த்துத் தரையில் பதித்தேன்.
நசுங்கிய மெத்தை வழியாகக் கேட்டது:
சின்னதுதான். தெற்கு அடுக்கு.
எழுநூறு மீட்டர்.
மதிய ஷிப்டில் நாற்பது பேர் இருப்பார்கள்.
இந்நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு
கூரையைப் பார்த்தபடி.

விடுங்கள், என்றேன்.
தங்களுக்குச் சொன்னதாக நினைத்து
அறை முழுவதும் மூச்சை விட்டது.
போக்னாவும்.

கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கட்டினேன்.
இடது கால் சுலபம். வலது இன்னும் அடம் பிடிக்கிறது.
வலி நான்கு, பொய்யில்லாமல்.
ட்ரூடா போன் செய்தாள்.
சமையலறைச் சுவரில் அடியில் புது விரிசலாம்.
எவ்வளவு நீளம் என்றேன்.
வந்து குனிந்து நீயே பார், என்றாள்.