பிழைதிருத்தம்

இரவுச் சுற்றுக்குப் போகும் பணியாளர் கையேடு.
நாற்பத்தெட்டுப் பக்கம், நடுவில் இரண்டு பின்.
வண்ணார்பேட்டை அச்சகத்தில்
மெய்ப்பு பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.
நாளை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் பயிற்சி.
முப்பது பேர், முப்பது பேனா,
பதினோரு மணிக்குச் சுக்குக் காப்பி.

பக்கம் நான்கு.
'வீடற்றோர்: வரையறை.'
ஆறு வரி எழுதியிருக்கிறேன்.
கூரை வருகிறது, சுவர் வருகிறது, அரசாணை எண் வருகிறது.
பூட்டு வரவில்லை.
ஜங்ஷனில் ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில்
முப்பிடாதி கழுத்தில் ஒரு சாவி கிடந்தது.
எந்த வீட்டுக்கு என்று கேட்டேன்.
'வீடு வெள்ளத்தோட போயிட்டு.
சாவி நம்மகிட்ட நிக்குல்லா' என்றாள்.
வரையறைக்கு மேல்
ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன்.
அடிக்குறிப்பில் என்ன எழுத என்று
இன்னும் தெரியவில்லை.

மாதிரிப் படிவத்தில்
'நிரந்தர முகவரி'க்குத்தான் பெரிய கட்டம்.
போன வருடக் கணக்கெடுப்பில்
வெயிலுமுத்து அதில் எழுதச் சொன்னது:
'பதினேழாம் தூண், கிழக்குப் பக்கம்.
மழைன்னா மேற்குப் பக்கம்.'
அலுவலகம் சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பியது.
'இல்லை' என்று மாற்றி எழுதினேன்.
கையெழுத்து என்னுடையது.
இதைக் கையேட்டில் சேர்க்கவில்லை.

பக்கம் பதினான்கு, நடிப்புப் பயிற்சி.
'ஒருவர் வீடற்றவராகப் படுத்துக்கொள்ளவும்.
மற்றவர் அணுகிப் பேசவும்.'
சென்ற முறை கிறிஸ்டோபெல் படுத்தாள்.
மொசைக் தரை, மேலே மின்விசிறி.
செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டாள்,
துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்தாள்.
காப்பித் தூக்கோடு வாசலில் நின்ற வெயிலுமுத்துவுக்குச்
சிரிப்பை அடக்க முடியவில்லை.
'செருப்ப அங்ஙன விட்டா விடியுமுன்ன நடந்து போயிரும்.
அதத் தலைக்கு வைங்க.
துப்பட்டாவ காலுக்குப் போடுங்க. கொசு கால்லதான் வரும்.'
முப்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.
அன்றைய செலவுச் சீட்டில்
அவர் பெயர் காப்பிக்கு நேராக இருந்தது.
பயிற்றுநர் என்ற இடத்தில் என் பெயர்.

இப்போது பக்கம் இருபத்திரண்டு, மூன்றாவது விதி.
'உறக்கத்தில் எழுப்பாதீர்' என்று எழுதித் தந்தது
'இரக்கத்தில் எழுப்பாதீர்' என்று வந்திருக்கிறது.
பீர்முகம்மது கண்ணைக் கசக்குகிறான்.
காலை எட்டுக்கு மேலப்பாளையத்திலிருந்து வந்தவன்,
மணி பதினொன்றாகப் போகிறது.
'மாத்திரட்டாக்கா?'

மார்கழியில்
இரவு இரண்டு மணிக்குப் போர்வை கொடுக்கப் போனோம்.
முப்பிடாதியைத் தோளைத் தட்டி எழுப்பியது நான்தான்.
எழுந்தாள், வாங்கினாள்,
படம் எடுத்து முடிகிறவரை நின்றாள்.
திரும்பினால் அவள் இடத்தில்
வேறொருவர் காலை நீட்டியிருந்தார்.
புதுப் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
விடியும்வரை
டிக்கெட் கவுண்டர் பக்கம் நின்றதாகப்
பிறகுதான் தெரிந்தது.
அறிக்கையில் எழுதினோம்: பயனாளி ஒருவர்.

'இருக்கட்டும், பீரு' என்றேன்.
'உறக்கத்தை நாலாவதாப் போடு.'

போட்டான். விதிகள் ஒவ்வொன்றாகக் கீழே நகர்ந்தன.
கடைசிப் பக்கத்தில் ஒரு வரி
ஓரக்கோட்டுக்கு வெளியே போய் நின்றது.
'எதயாவது எடுத்தாத்தான் உள்ள வரும்.'
தொகுப்பாளர் என்று என் பெயர்,
அதன் பின்னே இரண்டு வரிக்குப் பட்டங்கள்.
எடுக்கச் சொன்னேன்.
வெளியே நின்றது உள்ளே வந்தது.
மிஞ்சிய ஒரு வரியில்
நானே விசைப்பலகையை இழுத்து அடித்தேன்:
பயிற்றுநர்: வெயிலுமுத்து, பதினேழாம் தூண், கிழக்குப் பக்கம்.

'அச்சுக்கு அனுப்பட்டா?'

அவரைக் கேட்காமல் எப்படி?
வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.
இந்நேரம் மேற்குப் பக்கம் மாறித்
தூங்கியிருப்பார்.

காலையில் அனுப்பலாம் என்றேன்.