நகல்

காகிதத்தில் பாலம் நாற்பத்திரண்டு மீட்டர்.
நாடாவின் ஒரு முனையை நானும்
மறுமுனையைப் படகோட்டி ஃபாயாவும்
கரைக்கொருவராய் நின்று இழுத்தோம்.
மழைக்காலத்து ஆறு, அதன் முழுத் திமிரோடு,
பத்தொன்பது மீட்டர்.

மீதி இருபத்துமூன்று மீட்டரை
எங்கே கட்டினார்கள் என்று கத்திக் கேட்டேன்.
"மன்ரோவியாவில்," என்றார் அக்கரையிலிருந்து.
"இரண்டு மாடி. மேலே ஏறினால் கடல் தெரியும்.
இந்தப் பத்தொன்பதும் அங்கேதான் இருக்கிறது."

போருக்கு முன்னால் இங்கே ஒரு பாலம் இருந்தது.
எதிரி உள்ளே வராதிருக்க ஒரு படை உடைத்தது என்கிறார்கள்.
எதிரி வெளியே தப்பாதிருக்க
மற்றப் படை உடைத்தது என்கிறார்கள்.
ஒரே பாலத்தை இருமுறை உடைக்க முடியாது.
இருமுறை கட்ட முடிந்திருக்கிறது:
ஏழாம் பக்கத்தில் ஒரு நாட்டின் நன்கொடையில்,
முப்பத்தொன்றாம் பக்கத்தில் இன்னொரு நாட்டின் நன்கொடையில்.
கைப்பிடியின் நிறம் மட்டும் வேறு.

உண்மையில் இருப்பவை நான்கு செம்பனைத் தண்டுகள்.
அதிலும் ஒன்று உளுத்தது.
வறண்ட மாதங்களில் மட்டும்
ஆறு அவற்றைத் திருப்பித் தரும்.

சிமெண்ட், இரண்டாயிரத்து நூற்று நாற்பது மூட்டை.
ஒன்றைக் கண்டேன்.
வெறும் சாக்கு. அதன் மேல்
கோர்போ மிளகாய் காயப்போட்டிருந்தாள்.
புரட்டிப் பார்த்தேன், வேறு ஏதோ பள்ளிக்கூடத் திட்டத்தின் முத்திரை.
"மிளகாய் மேல் வரி உண்டா?" என்று பயந்தாள்.

கூலிப் பட்டியலில் அறுபத்திரண்டு பெயர்,
அறுபத்திரண்டு கைநாட்டு.
ஒன்பதாம் எண், சா கெண்டெமா,
போரின் இரண்டாம் ஆண்டிலேயே செத்துப்போனவன்.
செத்த பிறகு பதினான்கு நாள் கல் சுமந்திருக்கிறான்,
ஞாயிற்றுக்கிழமைக்கு மிகுதிக் கூலியோடு.
பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.
அறுபத்திரண்டு கட்டைவிரலிலும்
இடப்பக்கம் சாய்ந்த ஒரே தழும்பு.

அந்த விரலைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆகவில்லை.
மோட்டார் சைக்கிள் டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்,
ஃபோர்க்பா என்று பெயர்.
மறைக்கவில்லை; கிரீஸைத் துடைத்துவிட்டு நீட்டினான்.
மரவள்ளி சீவும்போது பட்ட வெட்டாம்.
"மேசை போட்டார்கள், நாற்காலி போட்டார்கள்.
மூன்று கோப்பை அரிசி கொடுத்தார்கள்.
மை கழுவ சோப்புதான் கொடுக்கவில்லை."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் ஆற்றை அளந்துவிட்டேன்.
போட்டவர்கள் யாரும் கரையில் இல்லை.

இரவு, ஜெனரேட்டர் நின்ற பிறகு,
மெழுகுவர்த்தியில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
ஒப்பந்தக்காரரின் கையெழுத்து நெளிந்த ஒரு புழு.
அது எவர் கையிலிருந்து ஊர்ந்து வந்தது என்று
எந்த நீதிமன்றமும் சொல்லாது.
அமைச்சகத்தின் ஒப்புதலில் "சார்பாக" என்றிருக்கிறது,
யார் சார்பாக என்றில்லை.
கோப்பு முழுதும் தேடினாலும்
ஐயமின்றி ஓர் ஆளைக் காட்டுவது
அந்தத் தழும்பு மட்டும்தான்.
கையெழுத்து தப்பிவிடும்.
கைநாட்டு மாட்டிக்கொள்ளும்.

சரிபார்க்கப்பட்ட செலவு: மூன்று கோப்பை அரிசி.
எழுதினேன்.
பெற்றவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்து
வெகுநேரம் பேனாவை ஊன்றியிருந்தேன்.
மை ஊறி வட்டமாய்ப் பரவியது,
யாரோ விரல் வைத்ததைப் போல.
அப்படியே அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துத் தலைமையகம் பதில் எழுதியது.
பாலம்: ஆவணங்கள் முழுமையாக உள்ளன.
தணிக்கையாளர் யாசா கெசெலியின் பயணப்படி:
படகுக் கூலி இருபது டாலருக்கு ரசீது இல்லை,
சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படும்.

கேட்காமல் இல்லை.
அன்று நடு ஆற்றில் ரசீது கேட்டபோது
ஃபாயா துடுப்பின் நுனியால்
தண்ணீரில் நீளமாய் ஏதோ கிறுக்கிவிட்டு
முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு,
"நகல் வேண்டுமா?" என்றார்.