ஒரு சென்டிமீட்டர்

மாசி கடைசிச் செவ்வாய், காலை ஆறே முக்கால்.
நெடுமடைக் கண்மாயின் அளவுகல்லில்
சிவப்புக் கோடு, ஒரு மீட்டர் இருபதில்.
தண்ணீர் அதை நக்குகிறது, விடுகிறது,
திரும்ப நக்குகிறது.
கோட்டின் மேலேயே ஒரு தட்டான்.

கோட்டுக்கு மேல் என்றால் மோட்டார் ஓடலாம்.
கீழே என்றால் நான் போன் செய்ய வேண்டும்.
இதற்குத்தான் எனக்குத் தொகுப்பூதியம்.

கணக்கு மனப்பாடம்.
ஐம்பது ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரு சென்டிமீட்டர்
இருபது லட்சம் லிட்டர்.
பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில்
ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம் குடம்.
ஒட்டி ஒட்டி வைத்தால்
மதுரையில் தொடங்கும் வரிசை
உசிலம்பட்டியில் போய் நிற்கும்.
அதில் நாலு குடம் என்னுடையது:
அனுப்பானடியில், நாலு நாளைக்கு ஒரு தடவை,
விடியுமுன் மூன்றரைக்கு.
குழாய் முதலில் இருமும், பிறகு கொடுக்கும்.

கண்மாய்க்குள் இருக்கும் மற்றதற்கு
இப்படியொரு குடம் கிடையாது.
நடுவில் நிற்பது சீமைக் கருவேலம்.
நாற்பது மரம் வெட்டினால்
'மீட்டெடுப்பு' என்ற கட்டத்தில் நாற்பது ஏறும்.
அந்த நாற்பதிலும் நத்தைகுத்தி நாரை
கூடு கட்டியிருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டு கூடு.
முபாரக் இருநூற்றுப் பதினான்கு என்கிறான்,
இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் ஒன்று இருபது, ஒன்று பத்து ஆகாதா?
பொறியாளர் தெய்வநாயகி கூட்டத்தில் கேட்டார்.
வரைபடம் காட்டினோம், வண்ணம் வண்ணமாக.
காட்டாத பதில் இது:
கல்லில் ஒன்று இருபது என்றால்
மரத்தடியில் நாயின் கழுத்தளவு.
அதற்குக் கீழே இறங்கினால் நாய் நடந்து வரும்.
நாய் போட்ட வழியில் பூனை வரும்.
பூனைக்கு மரமேறத் தெரியும்.

படிவம் கேட்பது வேறு:
சென்ற ஆண்டைவிட முன்னேற்றம், சதவீதத்தில்.
சென்ற ஆண்டும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு.
பூஜ்யம் போட்டேன்.
கட்டம் சிவந்து, 'செல்லாத மதிப்பு' என்றது.
ஒரு கோடை முழுக்க
ஒன்றையும் இழக்காமல் நின்ற இடத்தில் நின்றதற்கு
அதனிடம் எண் இல்லை.

கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்க
மண்டியிட்டேன், சேலை போனது சேற்றில்.
காற்று ஓய்ந்த ஒரு நொடி.
ஒன்று பத்தொன்பது.
தட்டான் எப்போது போனதென்று தெரியாது.
இருபது என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியாது
(முபாரக்குக்குத் தெரியும்; பேச மாட்டான்).
மோட்டார் அறையில் பாண்டியராசு
"நெசமாவா மேடம்?" என்றார், ஒரே ஒரு தடவை.
பிறகு அந்த முனகல் நின்றது.
நின்ற பிறகுதான் குஞ்சுகளின் இரைச்சல்
எவ்வளவு பெரிதென்று கேட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் குழாய் இருமியது.
அவ்வளவுதான்.
கீழ்வீட்டு ரெஜினா,
"ஒங்க ஆபீஸ்தான, கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள்.
கேட்கிறேன் என்றேன்.
அரைக் குடம் அவளே கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை கரைச்சேற்றில் நாயின் தடம்.
தண்ணீர் வரை நேராக வந்து,
அங்கே நான்கு கால்களும் ஆழமாக,
ரொம்ப நேரம் நின்றிருக்கிறது,
பிறகு திரும்பியிருக்கிறது.
"இத எந்தக் கட்டத்துல போட?" என்றான் முபாரக்.
கடைசியில் 'குறிப்பு' என்று ஒன்று உண்டு,
முப்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
நாய் திரும்பிப் போனது
என்று எழுதினேன்.
இன்னும் இடம் மிச்சமிருந்தது.