இரண்டாம் பிணத்தின் மனைவி

கதாநாயகனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
கோலாலம்பூர்ப் பையன், தொப்பி பெரிது,
வெயில் ஏறினால் அவனும் வேனுக்குள் ஏறிவிடுவான்.

பீடோர் பக்கம், செம்பனைக் காட்டில், கௌபாய் படம்.
குதிரை ஈப்போவிலிருந்து லோரியில் வந்தது,
பந்தயத்தில் ஓய்வு வாங்கிய கிழம்.
ஆக்‌ஷன் என்றால் அசையாது.
பழக்குலை தொப்பென்று விழுந்தால் மட்டும்
நாலுகால் பாய்ச்சல்.
ஆகவே குலை வெட்டும் வங்காளதேசத்து ரஃபீக்
கேமராவுக்குப் பின்னால் நின்று
நாள் முழுக்க வெட்டினார்.
அந்தத் துரத்தலின் வேகம் அவருடையது.

ஷெரீப், பழைய கிராணி சவரியப்பன்.
துப்பாக்கிக்கு முன்னால் கை
சட்டைப்பையில் பேனா தேடும்.
டைரக்டர் திட்டினார், பிறகு அதையே வைத்துக்கொண்டார்:
பேனாவைக் கண்டதும் கொள்ளைக்கூட்டம்
சொல்லிக்கொடுக்காமலே பின்வாங்கியது.
செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டவர்கள்
அதில் நாலைந்து பேர்.

சவப்பெட்டிக்காரனாக லியோங்.
டவுனில் அவருக்கு நிஜமாகவே அந்தக் கடைதான்.
ஒரே வசனம்: உயரம் எவ்வளவு?
தமிழ் நாக்கில் நிற்க இரண்டு நாள் பழகினார்,
பசியாற வரிசையில் நின்றவர்களிடமெல்லாம்.
அன்றைக்கு யாரும்
இரண்டாவது தோசை வாங்கவில்லை.

நான் இரண்டாம் பிணத்தின் மனைவி.
நாளுக்கு எண்பது வெள்ளி, மதியச் சோறு.
பிணம், நாலு நம்பர் கடை வாசலிலேயே கிடக்கும் பெரியநாயகம்.
மேலே விழுந்து அழவேண்டும்.
மனுஷனுக்குக் கிச்சுகிச்சு அதிகம்,
என் கை பட்டதும் பிணம் குலுங்கும்.
ஐந்து டேக்.
ஆறாவதில் அவர் செத்தே கிடந்தார்,
சிரிப்பு எனக்கு வந்துவிட்டது.
நிற்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்
லியோங் குனிந்து கேட்டார்: உயரம் எவ்வளவு?

இதே கேள்வியை, மலாயில்,
தாப்பா ஆஸ்பத்திரி நடையில் ஒருமுறை கேட்டிருக்கிறார்.
பதினெட்டு வருஷம் கூடப் படுத்தவருக்கு
உயரம் எனக்குத் தெரியவில்லை.
அவரே போய் அளந்துகொண்டு வந்தார்.

எனக்கு இந்தப் படத்தில் வசனம் கிடையாது.
ஆனாலும் சொன்னேன்:
என் கொண்டைக்கு மேல் நாலு விரல்.

கட் சொல்ல மறந்துவிட்டார்கள்.
லியோங் தலையாட்டினார்,
காதில் செருகிய பென்சிலை எடுத்து
உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.
அது கதையில் இல்லை.

மண்டபத்தில் திரையிட்டபோது
அந்த இடத்துக்குத்தான் பெரிய சிரிப்பு.
நானும் சிரித்தேன், நன்றாகத்தான் வந்திருந்தது.
கடைசியில் எங்கள் எல்லோருக்குமாக
ஒரே பெயர் ஓடியது: மற்றும் பலர்.

ஒருநாள் கூலி இன்னும் பாக்கி.
குதிரைக்கு முன்பணமாம்.