கையை வீசிக்கொண்டு வருகிறவள்

விமானத்தில் குந்தார்ஸுக்கு இரண்டு டிக்கெட்,
செல்லோவுக்கும் சேர்த்து.
அவுஸ்மா கழிப்பறைக்குக்கூட
வயலினோடுதான் போவாள்.
நான் மட்டும் இருபத்திரண்டு வருடமாய்
கையை வீசிக்கொண்டு வருகிறவள்.

ஊருக்கு ஊர் வேறு பியானோ.
லியபாயாவில் பெடல் கீச்சிடும்.
சேசிஸில் மூடியெல்லாம்
யாரோ பீர்க் குவளை வைத்த வட்டங்கள்.
அரைமணி நேரம் தருவார்கள்,
எந்தக் கட்டை முரண்டு பிடிக்கும்
எது சொன்னபடி கேட்கும் என்று
தெரிந்துகொள்ள.

குல்டிகாவில், பிப்ரவரியில்,
மெதுவான பகுதி பாதி போயிருக்கும்போது
ஒரு கறுப்புக் கட்டை
அழுத்தியது அழுத்தியபடி கிடந்தது.
எழவில்லை.
இரண்டு வரி தாண்டினால் மறுபடி அதே சுரம்.
அதன்மேல்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.
விரலை அந்தரத்தில் வைத்திருந்தேன்.

சுரம் கேட்டது.
செல்லோவிலிருந்து.

குந்தார்ஸ் என் பக்கம் திரும்பவுமில்லை.
தன் வரியிலிருந்து எட்டி
என் இடத்தில் அதை வைத்துவிட்டு
தன் வரிக்கே போய்விட்டிருந்தான்.

ரீகா சாலையில் பனி.
காரில் வழக்கம்போல் பெட்ரோல் கணக்குச் சண்டை.
அவனுக்கு நான் ஏழு யூரோ பாக்கியாம்.
தரமுடியாது என்றேன்.