அன்புள்ள சேவுகன்

'அன்புள்ள சேவுகன்,
உங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்கிறோம்'
என்றுதான் வந்தது மின்னஞ்சல்.

படிவம் குடும்பப் பெயர் கேட்டிருந்தது.
என்னிடம் இருந்தது ஒரு சே மட்டும்.
விரித்து எழுதினேன்.
கொப்புடைநாயகி கட்டத்துக்குள் அடங்காமல்
கொப்புடையோடு நின்றுபோனாள்.

"எனக்கா சீட்டு?" என்றார் அப்பா
தண்ணி லாரிக்கு ஆயில் பார்த்தபடி.
"என்ன படிக்கப் போறேனாம்?"

அதுதான் தெரியவில்லை.

டப்ளினில் தரவு அறிவியல்.
கல்லுக்கட்டியில் கன்சல்டன்சி வைத்திருக்கும்
ஷர்மிளா மேடத்தின் சுவர் முழுக்க
போய்ச் சேர்ந்தவர்களின் படங்கள்,
எல்லோரும் ஒரே பாலத்தின் மேல் நிற்கிறார்கள்.
நெதர்லாந்தில் நிலத்தடி நீரியல், பாதி உதவித்தொகை.
"தண்ணியப் படிக்கவா அவ்வளவு தூரம்?"
மேடம் சிரித்த சிரிப்பில் பிரிண்டரே ஒரு நொடி நின்றது.

வங்கியில் லட்சத்தில் சொன்னார்கள்.
எங்கள் வீட்டுக்கு லோடில் சொன்னால்தான் புரியும்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்,
டீசலும் போர்க்காரர் பங்கும் போக
கையில் நிற்பது நானூறு ரூபாய்.
டப்ளின் என்றால் எட்டாயிரத்து ஐநூறு லோடு.
நெதர்லாந்து நாலாயிரத்து ஐநூறு.
வட்டி சேர்க்கவில்லை.
காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு
வட்டியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்ட முதல் ஆள்
நானாகத்தான் இருப்பேன்.

கடைசி நாள்.
அவர்களுக்கு நள்ளிரவு, நமக்கு மூன்றரை.
இரண்டரைக்கு த்ரீ ஃபேஸ் வந்தது.
கோவிலூர் தாண்டி நாலாம் நம்பர் போர்.
கேபினில் நான், மடியில் போன்,
பக்கத்தில் என் குயர் நோட்டு.

ஏழாம் வகுப்பில் சும்மா தொடங்கியது அது:
தேதி, போர், டாங்க் நிரம்ப ஆன நிமிடம்.
முதல் பக்கத்தில் இருபத்தாறு.
போன மாதம் ஐம்பத்து மூன்று.
யாரும் கேட்கவில்லை, மார்க்கும் கிடையாது.

'இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?'
டப்ளினுக்கு நானூறு வார்த்தை எழுதினேன்,
சிறுவயது முதலே எண்கள் மீது தீராத ஆர்வம் என்று.
மேடத்திடம் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும்
சிறுவயதிலேயே அந்த ஆர்வம் வந்துவிடுகிறது.
நெதர்லாந்துக்கு
நோட்டில் நாலு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்,
டீ சிந்திய பக்கம் உட்பட.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.
படித்துவிட்டு வந்து நான் சொல்லப்போவது
'இந்தக் குழாயை மூடு' என்பதாக இருந்தால்?
அதைச் சொல்லப் படிப்பதற்கான பீஸை
இந்தக் குழாய்தானே கட்டப்போகிறது,
கானாடுகாத்தான் ஹோட்டலின்
நீச்சல்குளம் வழியாக.

அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.
"மேல வழியுது பாரு, ஓடு" என்றார்.

ஏறி வால்வைத் திருகிவிட்டு இறங்கினால்
மூன்று இருபத்தேழு.
ஈர விரலைப் போன் ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து அழுத்தினேன்.
இல்லை.
மறுபடி துடைத்து,
இந்த முறை பெருவிரலால்.
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

'நன்றி, சேவுகன்.'

அப்பா வண்டியை எடுத்தார்.
டப்ளினுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது,
அந்தப் பக்கத்தையும் நான் மூடவில்லை.
குலுங்கும் வெளிச்சத்தில் நோட்டை விரித்து எழுதினேன்:

நாலாம் நம்பர்.
ஐம்பத்தேழு.