ஒத்த அளவு: 12.4

சைதாப்பேட்டையில் கோர்ட் பக்கத்து
ஜெராக்ஸ் கடையில் வாங்கியது இந்தப் பதிவேடு.
நாற்பது ரூபாய்.
பி.எட். சேர்ந்த முதல் வாரமே
யாராவது காதில் சொல்லிவிடுவார்கள்:
"எழுதிக் கஷ்டப்படாதே, அங்கே கிடைக்கும்."

பெயர்க் கட்டத்தில் ஒயிட்னர்.
அதன் மேல் இன்னொரு பூச்சு, அதன் மேலும் ஒன்று.
போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிய சுவர்போல
அந்த இடம் மட்டும் தடித்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
தி. பிலோமினா வந்தார்.
அவருக்கு அடியில் க. அஷ்ரஃப் அலி.
அதற்கும் அடியில் "வே." என்று ஓர் இனிஷியல்,
மீதி தாளோடு பிய்ந்து வந்துவிட்டது.

பரிசோதனை ஆறு. நீரின் கடினத்தன்மை.
பியூரெட் அளவு 12.4
இரண்டாம் முறை 12.4
மூன்றாம் முறை 12.4
ஓரத்தில் சிவப்பு மையில்: நன்று.

அடையாறு வீட்டுக்குள் புகுந்து
ஃப்ரிட்ஜை மிதக்கவிட்ட டிசம்பரிலும் 12.4.
லாரிக்காகக் குடங்கள் தெருவை வளைத்து நின்று
நள்ளிரவில் டோக்கன் எண் கூவிய கோடையிலும்
12.4.
தண்ணீரைப்போல் மனப்பாடம் செய்தவர்
எங்கள் கல்லூரியில் யாருமில்லை.

முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பதிவேடு.
திறந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம்.
ஹேமகுமாரிதான் முதலில் நிறுத்தினாள்.
"அடுத்த வருஷம் நாமதான் டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை பாட்டில்கள் வந்தன.
வேளச்சேரி போர்வெல்.
காசிமேட்டு அடிபம்பு.
பெரும்பாக்கம், எட்டாவது மாடி, மோட்டார் போட்ட மறுநிமிடம் பிடித்தது.
ஒன்று நீலமாக ஆறு மில்லி போதுமாயிருந்தது.
காசிமேடு ஐம்பதையும் குடித்துவிட்டு
சிவப்பாகவே முறைத்தது.

எல்லாவற்றையும் அட்டவணையாக்கினோம்.
யார் வீட்டுக் குழாய், எந்தத் தேதி, யார் அளந்தது.
"கை நடுங்கி இண்டிகேட்டர் கூடிவிட்டது" என்று
ஜோயல் எழுதியதையும் அழிக்கவில்லை.
பூட்டில்லாமல் இணையத்தில் வைத்தோம்.
"எவனாவது திருடிடுவான்" என்றான் சத்தியசீலன்.
நாற்பது ரூபாய்ப் பதிவேட்டை
மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னான்.
அட்டவணையின் அடியில் எழுதினோம்:
எடுக்கலாம். மாற்றலாம். வகுப்பில் நடத்தலாம்.
எங்கள் பெயர்மேல் மட்டும் பூசாதீர்கள்.

பயிற்சிக்குப் போன பள்ளி எண்ணூரில்.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. செய்து காட்டினேன்.
போர்டில் 15.4 என்று எழுதி
சாக்பீஸ் தூசைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து
குழாயருகே கண்ணை வைத்துப் பார்த்தாள் ஒருத்தி.
"மிஸ், இது மேலேருந்து கீழே எண்ணுது.
நீங்க கீழேருந்து மேலே எண்ணிட்டீங்க.
14.6."

கை தானாகப் பைக்குள் போனது.
ஒயிட்னர் பாட்டில் விரலில் பட்டது.
வகுப்பே என்னைப் பார்த்தது.
வெறும் கையை வெளியே எடுத்தேன்.

அன்று மாலை அட்டவணையில்
15.4இன் குறுக்கே ஒரு கோடு,
உள்ளே எண் தெரியும்படி.
பக்கத்தில் 14.6.
திருத்தியவர்: பா. யுவஸ்ரீ, 9 பி.

தேர்வுக்கு வந்த வெளிக் கல்லூரிக்காரர்
பக்கங்களைப் புரட்டினார்.
"ஆளுக்கு ஓர் எண்ணா? ஒத்தே வரலையே?"
"தண்ணி ஒத்து வரலை சார்."
இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

அதையும் ஏற்றிவிட்டோம்.
தேதி, பரிசோதனை எண், குறைந்த மதிப்பெண்.
காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.
அவருக்காக விட்டு வைத்திருக்கிறோம்.